பிரிண்ட் போட ஒரு பொத்தான்: விம் எடிட்டரில் நம் சொந்தக் கட்டளை

"வந்துட்டேன் 1". "வந்துட்டேன் 2". "இங்கயும் வந்துட்டேன்".

யாருடைய திரையிலாவது இப்படி வரிகள் ஓடினால் அவர் தன் நிரலில் ஒரு பக்கை, அதாவது பிழையை, தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நிரல் எந்த வழியாகப் போகிறது, எந்த மாறிக்குள் என்ன மதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க, நடுநடுவே ஒரு பிரிண்ட் வரியைச் செருகி ஓட்டுவதுதான் நாம் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க டீபக்கர் என்று தனிக் கருவி இருக்கிறது. நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "இந்த மாறியில் என்ன இருக்கு?" என்கிற ஒற்றைக் கேள்விக்கு டீபக்கரைத் திறப்பது, தெருமுனைக் கடைக்குப் போகக் காரை வெளியே எடுப்பதுபோல.

பிரிண்ட்டில் எனக்கு இரண்டு எரிச்சல்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அதை முழுதாக அடிக்கவேண்டும் என்பது ஒன்று. வேலை முடிந்ததும் தேடித்தேடி அழிக்கவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் எடிட்டரிலேயே ஒரு சின்னக் கட்டளை சேர்த்துக்கொள்ளலாம். "எடிட்டரை மாற்றி எழுதுவதா, அதெல்லாம் பெரியவர்கள் வேலை" என்று பல வருஷம் நானும் ஒதுங்கித்தான் இருந்தேன். நம் விரல்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் காகிதத்தில் எழுதி வைப்பதுதான் அந்த வேலை என்று தெரிந்தபிறகு பயம் போய்விட்டது.

விம் எடிட்டரையும் பைத்தான் மொழியையும் வைத்துச் சொல்கிறேன். நியோவிம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும், அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பின் பெயரும் இடமும் மட்டும் வேறு. கீக்களையும் குறிச்சொற்களையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். மாறியின் பெயரை மட்டும் தமிழிலேயே வைத்தாலும் தவறில்லை, பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு பில் கணக்கில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

மொத்தம் = விலை * அளவு - கழிவு

விடை தப்பாக வருகிறது. கீழே இப்படி ஒரு வரி சேர்க்கவேண்டும்:

பிரிண்ட்("மொத்தம் =", மொத்தம்)

மேற்கோளுக்குள் ஒரு முறை பெயர், வெளியே இன்னொரு முறை. வெறும் மதிப்பை மட்டும் அச்சிட்டால், திரையில் நான்கு எண்கள் வரிசையாக வந்து நிற்கும்போது எது எதனுடையது என்று தெரியாது. அதனால்தான் பெயரும் சேர்கிறது. மாறியின் பெயர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து என்று வைத்துக்கொண்டால் இந்த வரிக்கு 23 குறிகள். புது வரி திறக்க ஒரு கீ, முடித்து வெளியே வர எஸ்கேப். ஆக 25 அடி, ஷிஃப்ட்டைக் கணக்கில் சேர்க்காமல். இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிறோம். பாதி நேரம் பெயரை ஒரு இடத்தில் தப்பாக அடித்துவிட்டு, பக் தேடப் போன இடத்தில் புது பக் ஒன்றை உண்டாக்குகிறோம்.

விம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மோட் என்று ஒன்று உண்டு. திறந்தவுடன் இருப்பது நார்மல் மோட். அங்கே எழுத்துகள் திரையில் விழாது, ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. இன்சர்ட் மோடுக்குப் போனால்தான் அடிப்பது எழுத்தாக விழும். எஸ்கேப் அடித்தால் மறுபடி நார்மல். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய வி-ஐ எடிட்டரிலிருந்து வந்த வழக்கம் இது. அதன் வழியில் பிராம் மூலெனார் அமிகா கணினிக்காக எழுதி 1991இல் வெளியிட்டதுதான் விம். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எஸ்கேப் கீ, இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. சுண்டுவிரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். இப்போது மேல் மூலைக்கு ஓடவேண்டியிருக்கிறது என்றால் அது விம்மின் குற்றம் அல்ல.

சரி, முதலில் கையால் செய்து பார்ப்போம். கர்சரை 'மொத்தம்' என்ற பெயரின் மேல் எங்காவது வையுங்கள். ஒய், ஐ, டபிள்யூ என்று மூன்று எழுத்து அடியுங்கள். ஒய் என்றால் 'எடுத்துக்கொள்', அதாவது காப்பி. ஐ-டபிள்யூ என்றால் 'கர்சர் நிற்கிற இந்தச் சொல்'. தமிழில் 'சொல்லை எடு' என்போம், விம்மில் 'எடு, சொல்லை' என்று வினை முன்னால் வரும். அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஐ-யை விட்டுவிட்டு ஒய்-டபிள்யூ மட்டும் அடித்தால் கர்சர் நிற்கும் எழுத்திலிருந்துதான் காப்பி ஆகும். சொல்லின் நடுவில் நின்றிருந்தால் பாதிப் பெயர்தான் கிடைக்கும், பின்னால் இருக்கும் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு ஐ-க்காகத்தான் கர்சரை எங்கே வைத்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

அடுத்து ஓ. கீழே புது வரி திறந்து இன்சர்ட் மோடுக்குள் போய்விடும். இனி அடிப்பது எழுத்தாக விழும்: பிரிண்ட், அடைப்புக்குறி, மேற்கோள். இப்போது பெயர் வேண்டும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஆர், அப்புறம் பூஜ்யம். எடுத்து வைத்த சொல் அங்கே வந்து விழும். இடைவெளி, சமக்குறி, மேற்கோளை மூடு, காற்புள்ளி, இடைவெளி, மறுபடி கன்ட்ரோல்-ஆர் பூஜ்யம், அடைப்பை மூடு, எஸ்கேப்.

அந்தப் பூஜ்யம் எதற்கு? விம்மில் காப்பி செய்தவற்றை வைக்கப் பல பெட்டிகள் உண்டு, அவற்றுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். நாம் ஒய் போட்டுக் கடைசியாக எடுத்தது 0 என்ற பெட்டியில் இருக்கும். வழக்கமான ஒட்டு வேலைக்கு விம் பார்க்கும் பெட்டி வேறு. நடுவில் எதையாவது அழித்தால் அழிந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். 0 பெட்டிக்குள் அழித்த குப்பை வராது.

இதைக் கையால் இரண்டு மூன்று தடவை செய்தபின் அடுத்த படி. எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. நார்மல் மோடில் க்யூ, ஏ என்று அடியுங்கள். ரெக்கார்டிங் ஆரம்பித்துவிட்டது, கீழே ஓரத்தில் அறிவிப்பு தெரியும். மேலே செய்த எல்லாவற்றையும் ஒரு முறை நிதானமாகச் செய்து, எஸ்கேப்புக்குப் பின் க்யூ அடித்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும். இப்போது ஒரு காலி வரிக்குப் போய் இரட்டை மேற்கோள், ஏ, பி (பிரிண்ட்டில் முதலில் வரும் பி) என்று மூன்று கீ அடியுங்கள். 'ஏ பெட்டியில் உள்ளதை ஒட்டு' என்று பொருள்.

திரையில் ஒரு வரி விழும். பார்த்தால் நீங்கள் அடித்த கீக்கள்! ஒய், ஐ, டபிள்யூ, ஓ, அதை ஒட்டியே பிரிண்ட், அடைப்புக்குறி, எல்லாம் வரிசையாக. கன்ட்ரோல்-ஆர் அடித்த இடத்தில் கொம்புக்குறியும் (^) ஆரும், எஸ்கேப் அடித்த இடத்தில் கொம்புக்குறியும் சதுர அடைப்பும். விம்முக்கு உங்கள் கை அசைவு என்பது வெறும் எழுத்துச்சரம். அதை ஒட்டலாம், திருத்தலாம், ஒரு கோப்பில் சேமிக்கலாம். சேமித்துப் பெயர் வைத்தால் அதுதான் கட்டளை.

சேமிக்கும் கோப்புக்கு விம்ஆர்சி என்று பெயர். உங்கள் ஹோம் அடைவில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியுடன் இருக்கும், இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். அதில் இந்த ஒரு வரி:

என்நோர்மேப் <லீடர்>பி ஒய்ஐடபிள்யூஓபிரிண்ட்("<சி-ஆர்>0 =", <சி-ஆர்>0)<எஸ்கேப்>

கோப்பில் கன்ட்ரோல்-ஆரைக் கூர் அடைப்புக்குள் சி, சிறு கோடு, ஆர் என்று எழுதவேண்டும். எஸ்கேப்புக்கு இ, எஸ், சி என்ற மூன்று எழுத்து போதும். லீடர் என்பது நம் சொந்தக் கட்டளைகளுக்காக ஒதுக்கிய முன்னொட்டு கீ. நீங்கள் மாற்றாதவரை அது பின்சாய்வுக்கோடு. நிறைய பேர் அதை ஸ்பேஸ் பாருக்கு மாற்றிக்கொள்கிறார்கள், நானும்தான். கோப்பைச் சேமித்து, விம்மை மூடித் திறந்து, மாறியின் மேல் கர்சரை வைத்து லீடர், பி அடியுங்கள். 25 அடி இரண்டு அடியாகிவிட்டது.

அந்த மேப் வரியின் முதல் சொல்லில் மூன்று சேதி இருக்கிறது. 'என்' என்றால் நார்மல் மோடில் மட்டும். 'மேப்' என்றால் இந்தக் கீக்கு அந்த வேலை. நடுவில் இருக்கும் 'நோர்' கொஞ்சம் முக்கியம். என்றைக்காவது நீங்கள் ஓ கீக்கு வேறு வேலை கொடுத்திருக்கலாம். இல்லையென்றால் அடைப்புக்குறி திறந்ததும் தானே மூடித்தரும் ப்ளக்-இன் ஒன்று போட்டு, அது திறப்பு அடைப்புக்குறிக்கே ஒரு மேப் வைத்திருக்கலாம். நோர் இல்லாத வெறும் மேப் அதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும், பிரிண்ட்டின் முடிவில் இரண்டு மூடும் அடைப்புகள் நிற்கும். நோர் இருந்தால் வலப்பக்கம் எழுதிய கீக்களுக்கு விம்மின் பிறவிப் பொருள்தான். புதிதாக மேப் எழுதுகிறவர்கள் எப்போதும் நோருடனே எழுதுங்கள், வெறும் மேப் வேண்டிய நாள் வந்தால் உங்களுக்கே தெரியும்.

அதே வரியில் வலப்பக்கம் இடைவெளி விட்டு அழகாக எழுதாதீர்கள். நார்மல் மோடில் இடைவெளியும் ஒரு கட்டளைதான், கர்சரை ஓர் எழுத்து தள்ளும். கடைசி எஸ்கேப்புக்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி நின்றாலும் அதுவும் ஓடும். வரியின் முடிவில் 'இது பிரிண்ட்டுக்கு' என்று குறிப்பு எழுதினாலோ, விம் அந்தக் குறிப்பையும் கீ கீயாக அடித்துக்காட்டும். குறிப்பு வேண்டுமென்றால் மேலே தனி வரியில் எழுதுங்கள். லீடர் அடித்தபின் ரொம்ப யோசித்தாலும் வேலை செய்யாது. விம் வழக்கமாக 1000 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடிதான் காத்திருக்கும்.

இனி இந்தக் கட்டளை சறுக்கும் இடங்கள். ரிட்டர்ன் வரியில் நின்றுகொண்டு லீடர் பி அடித்தால் பிரிண்ட் அதற்குக் கீழே போய் விழும். ரிட்டர்னுக்குக் கீழே உள்ளது ஓடவே ஓடாது. திரையில் ஒன்றும் வராததைப் பார்த்து "இந்த ஃபங்ஷனையே யாரும் கூப்பிடலையா?" என்று அரை மணி நேரம் வேறு கோப்பில் போய்த் தேடியிருக்கிறேன். அன்றைக்கே இன்னொரு மேப் எழுதினேன்: பெரிய எழுத்து பி, உள்ளே சின்ன ஓ-வுக்குப் பதில் பெரிய ஓ. பெரிய ஓ மேலே வரி திறக்கும். மற்றதெல்லாம் அப்படியே.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் அடைப்புக்குறிகள் மூன்று நான்கு வரிக்கு நீண்டிருந்தால், நடுவரியில் நின்று அடித்தால் பிரிண்ட் அந்த அடைப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பைத்தான் உடனே கத்திவிடும், அதனால் இது பெரிய ஆபத்தில்லை. ஒரு யு அடித்தால் சேர்த்த வரி மொத்தமாகப் போய்விடும்.

இன்னொன்று, புள்ளி வைத்த பெயர்கள். 'பில்.மொத்தம்' என்று இருந்தால் ஐ-டபிள்யூ புள்ளியோடு நின்றுவிடும், 'மொத்தம்' மட்டும்தான் வரும். இதற்கு விஷுவல் மோடுக்கு ஒரு மேப் வேண்டும்: முதல் எழுத்து என்னுக்குப் பதில் வி, உள்ளே ஒய்-ஐ-டபிள்யூவுக்குப் பதில் வெறும் ஒய். தேவையான பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு லீடர் பி. பட்டியலின் மூன்றாவது உறுப்பு, இரண்டு மாறிகளின் கூட்டல் என்று எதையும் இப்படிப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்ததற்குள் இரட்டை மேற்கோள் இருந்தால் மட்டும் இடிக்கும், அதைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு கட்டளை எழுத உட்கார்ந்தால் பக் தேடுகிற வேலை நின்றுபோகும்.

பைத்தான் 3.8இலிருந்து, அதாவது 2019இலிருந்து, பெயரை இருமுறை எழுதவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. மேற்கோளுக்கு முன்னால் ஒரு எஃப் போட்டு, உள்ளே நெளிவு அடைப்புக்குள் பெயரையும் ஒட்டினாற்போல ஒரு சமக்குறியையும் எழுதினால் பெயர், மதிப்பு இரண்டையும் அதுவே அச்சிடும். அப்போது மேப்பில் ஒரே ஒரு கன்ட்ரோல்-ஆர் பூஜ்யம் போதும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 3.7இல் பிரேக்பாயின்ட் என்ற ஃபங்ஷன் சேர்ந்தது. அதை ஒரு வரியாகப் போட்டால் நிரல் அங்கே நின்று டீபக்கர் திறக்கும். அதைச் சேர்க்கும் மேப்பில் ஒய்-ஐ-டபிள்யூவே வேண்டாம், ஓ-விலிருந்து ஆரம்பித்தால் போதும். லீடர் பியில் தெரியாதபோது காரை எடுக்க எனக்கு லீடர் பி-ஆர் (பிரேக்பாயின்ட்டின் முதல் இரண்டு எழுத்து).

இப்போது இரண்டாவது எரிச்சல், அழிப்பது. ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று கணக்கு வரிகளை அச்சிடும்; அந்த வெளியீடு ஒரு கோப்பாகி இன்னொரு நிரலுக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பக்கைப் பிடித்து, பிரிண்ட் எல்லாவற்றையும் அழித்து, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அல்ல, ஒன்று தவிர. திங்கட்கிழமை வந்து பார்த்தால் கோப்பின் நடுவே "வந்துட்டேன் 3" என்று உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்து நிரல் கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. யார் வந்தது என்று மேலாளர் கேட்டார்.

அதற்குப் பிறகு, வரி சேர்க்கும் கட்டளை எழுதினால் அந்த வரியை அழிக்கும் கட்டளையையும் அதே நாளில் எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அழிக்க அடையாளம் வேண்டும். நிரலில் பிறவியிலேயே இருக்கவேண்டிய பிரிண்ட்களும் உண்டு, அவற்றைத் தொடக்கூடாது. அதனால் மேப்பில் மூடும் அடைப்புக்குப் பிறகு, எஸ்கேப்புக்கு முன்னால், பைத்தானின் குறிப்பு அடையாளமான கட்டக்குறியையும் ஒரு சொல்லையும் சேர்த்தேன்:

பிரிண்ட்("மொத்தம் =", மொத்தம்)  # பூச்சி

ஆங்கிலத்தில் டீபக் என்றோ டெம்ப் என்றோ வைத்தால் அந்தச் சொல் நிஜ நிரலில் வேறெங்காவது இருக்கும். 'பூச்சி' என்று தமிழில் எழுதிய சொல் அங்கே வர வழியே இல்லை. நாம் தமிழில் அடிக்கவும் வேண்டியதில்லை, மேப் தானே போட்டுவிடும். விம்ஆர்சி கோப்பு யுடிஎஃப்-8இல் சேமிக்கப்பட்டிருந்தால் போதும். சொல்லை மேற்கோளுக்குள் வைக்காமல் குறிப்பில் வைத்ததற்கும் காரணம் உண்டு. பல விண்டோஸ் கணினிகளில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் பழைய குறியேற்றத்தில் எழுதப் பார்த்து, தமிழ் எழுத்தைக் கண்டதும் பைத்தான் பிழை சொல்லி நின்றுவிடும். குறிப்பு அச்சாவதில்லை, அதனால் வம்பில்லை.

அழிக்கும் கட்டளை இது:

என்நோர்மேப் <லீடர்>டி :ஜி/பூச்சி/டி<சிஆர்>

முக்காற்புள்ளி போட்டால் விம்மின் கட்டளை வரி திறக்கும். ஜி என்றால் கோப்பு முழுவதும். சாய்வுக்கோடுகளுக்கு நடுவே தேடும் சொல். கடைசி டி (டிலீட்டின் முதல் எழுத்து), கிடைத்த வரியை அழி. முடிவில் இருக்கும் சிஆர் என்டர் கீ. மேலே பார்த்த சி-ஆர் கன்ட்ரோல்-ஆர். ஒரு சிறு கோடுதான் வித்தியாசம், இதில் தடுமாறாதவர்களை நான் பார்த்ததில்லை.

இந்த ஜி விம்மை விட வயதானது. யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் கென் தாம்சன் எழுதிய ஈ-டி எடிட்டரிலேயே இது உண்டு. அங்கே டி-க்குப் பதில் பி போட்டால் கிடைத்த வரிகளை அச்சிடும். ஜி, நடுவே தேடும் வடிவத்துக்கு ஆர்-ஈ (ரெகுலர் எக்ஸ்பிரஷன்), கடைசியில் பி. சேர்த்துப் படித்தால் க்ரெப்! கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேட லினக்ஸ் தொட்ட எல்லோரும் தினமும் அடிக்கிற அந்தக் கட்டளையின் பெயர் இங்கிருந்துதான் வந்தது. விம்மிலும் டி-யை பி ஆக்கிப் பார்க்கலாம். எந்த வரிகள் அழியப்போகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ள அதுவே வழி.

அழித்தபின் ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஒரு இஃப்புக்குள் பிரிண்ட்டைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால், அதை அழித்ததும் இஃப் வெறும் வயிற்றோடு நிற்கும், பைத்தான் உள்தள்ளல் பிழை என்று சொல்லும். யு அடித்தால் அழிந்த அத்தனை வரிகளும் ஒரே தாவலில் திரும்பி வரும், பயப்படவேண்டாம். லீடர் டி திறந்திருக்கும் கோப்பை மட்டும்தான் சுத்தம் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து கோப்பில் பூச்சி விட்டிருந்தால், கிட்டில் மாற்றங்களைப் பதிவு செய்வதற்கு, அதாவது கமிட் போடுவதற்கு, முன் கிட்-க்ரெப்பில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கமிட்டுக்கு முன் தானே ஓடி அதைத் தடுத்து நிறுத்தும் ஹூக் என்ற சின்ன ஸ்கிரிப்ட்டிலும் அதையே வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன், இரண்டு முறை பிடித்துக்கொடுத்திருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பிரிண்ட் இருந்த இடத்தில் கன்சோல்.லாக், கட்டக்குறி இருந்த இடத்தில் இரண்டு சாய்வுக்கோடு. விம்மின் அடைவுக்குள் ஆஃப்டர், அதற்குள் எஃப்டி-ப்ளக்இன் என்று ஓர் அடைவு உருவாக்கி, மொழிக்கு ஒரு கோப்பாக அதனதன் மேப்பை வைத்துக்கொள்ளலாம். லீடருக்கு முன்னால் கூர் அடைப்புக்குள் பஃபர் என்று சேர்த்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் அந்த மேப் பொருந்தும். எல்லா மொழியிலும் லீடர் பி, லீடர் டி. விரலுக்கு மொழி மாறியது தெரியாது.

பில் கணக்கு பக், கழிவை இரண்டு இடத்தில் கழித்ததால் வந்தது. பிடித்து முடித்து லீடர் டி அடித்தேன். கீழ் ஓரத்தில் விம் சொன்னது, 14 வரிகள் குறைந்தன என்று. என் கணக்கில் பதினொன்றுதான் போட்டதாக நினைவு.